சட்டைக்குக் கீழே ஒரு பை

என் வயிற்றின் இடது பக்கத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, ஒரு பை ஒட்டியிருக்கிறது. பெருங்குடலில் வந்த கட்டியை அறுத்து எடுத்த மருத்துவர், பின்வாசலை நிரந்தரமாக மூடிவிட்டு முன்பக்கத்தில் புதிதாக ஒரு வழி திறந்துவிட்டார். அந்த வழியாக வருவதை வாங்கி வைத்துக்கொள்வது பையின் வேலை. அதை அவ்வப்போது காலி செய்வது என் வேலை. சில சமயம் அது கேட்காமலேயே சத்தம் போடும். அப்போது நான் நாற்காலியைத் தரையில் இழுத்துச் சமாளிப்பேன். எங்கள் வீட்டு நாற்காலிகள் ஒரே இடத்தில் நின்றதாகச் சரித்திரம் இல்லை.

கடலூரில் இந்தப் பையைப் பற்றித் தெரிந்தவர்கள் என் மனைவியும் மகளும் மட்டும்தான். சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், தெருவில், சொந்தக்காரர்களிடம் எல்லாம் ஹெர்னியா என்று சொல்லி வைத்திருந்தோம். ஹெர்னியா மரியாதையான வியாதி. பாரம் தூக்கி உழைத்தவனுக்கு வருவது. யாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பரம்பரையா?" என்று கேட்பதில்லை. இன்னொரு வியாதியின் பெயரைச் சொன்னால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பெண் கொடுக்கிற வீட்டில் அந்தக் கேள்வி எழுந்தால் அதற்குப் பிறகு வேறு கேள்வி எழாது.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த வரன் அப்படித்தான் போயிற்று. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நான் எந்த வார்டில் படுத்திருந்தேன் என்பது எப்படியோ அவர்கள் காதில் விழுந்தது. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதே ஜாதகம் அற்புதமாகப் பொருந்துகிறது என்று முந்தைய மாதம் எங்களுக்கு இனிப்பு ஊட்டியவர்களும் அவர்களே. நடுவில் எந்தக் கிரகம் நகர்ந்ததோ.  அன்றைக்கு மகள் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொம்பை இன்னும் என்னால் நிம்மதியாகத் தூக்கிக் குடிக்க முடியவில்லை.

அதன் பிறகு வந்ததுதான் சிதம்பரம் சம்பந்தம். பையன் புனேயில் கணினி வேலை. பையனின் அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கீழவீதிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு இருப்பவர். நல்ல மனிதர். ஒரே குறை, மெதுவாகப் பேசத் தெரியாது. சுரங்க இயந்திரங்களுக்கு மேலே கேட்கிற மாதிரி பேசிப் பழகியவர் வீட்டிலும் அதே அளவில்தான் காபி கேட்பார். இன்னும் பூ வைக்கவில்லை. ஆனாலும் முதல் நாளிலிருந்தே என்னைச் சம்மந்தி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூ வைக்கும் முன் பெண்ணின் அப்பா, மகள் போய்க் குடித்தனம் செய்யப்போகும் வீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். அடுப்படி, தண்ணீர், அக்கம்பக்கம் எல்லாம். மாப்பிள்ளை பக்கத்துத் தெருவில் இருந்த காலத்தில் ஏற்பட்ட வழக்கம். இப்போது மாப்பிள்ளைகள் புனேயில் இருக்கிறார்கள். வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

"ரயில்ல போனா ரெண்டு நாளு போயிடும் சம்மந்தி. பிளேனுக்கு டிக்கெட் போட்டுட்டேன். நானும் கூட வர்றேன். இந்தி பேசறத நான் பாத்துக்கறேன், நீங்க வீட்ட பாத்துக்குங்க" என்றார் போனில். போனைக் காதில் வைக்காமலேயே கேட்டது.

விமானம் என்றதும் எனக்கு வானம் ஞாபகம் வரவில்லை. கைகளை விரித்துக்கொண்டு நிற்கும் வரிசைதான் ஞாபகம் வந்தது.

தடவிப் பார்க்கப்படுவது எனக்குப் புதிதல்ல. சிப்காட்டில் ரசாயனத் தொழிற்சாலை வாசல் என்றால், உள்ளே போகும்போது தீப்பெட்டிக்காகத் தடவுவார்கள், வெளியே வரும்போது திருட்டுக்காகத் தடவுவார்கள். தொழிலாளியாக இருந்த வருஷங்களில், மனைவியைவிட அந்தக் காவலாளிதான் என்னை அதிகம் தொட்டிருப்பார். எங்களைத் தடவிக்கொண்டிருக்கும்போது அதிகாரிகளின் கார்கள் ஹாரன் அடித்தபடி உள்ளே போகும். அந்தக் கார்களில் தீப்பெட்டி என்ன, ஒரு அடுப்பே போகலாம். நான் சூப்பர்வைசர் ஆன அன்று காவலாளி என்னைத் தடவாமல் சலாம் வைத்தார். சம்பளம் ஏறியதைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இந்தப் பை வந்த பிறகோ, அந்தச் சலாமுக்காகத் தினமும் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

ஆனால் விமான நிலையத்தில் சூப்பர்வைசர் இல்லை, தொழிலாளி இல்லை. அங்கே எல்லா உடம்பும் ஒன்று. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நியாயம் நம் வயிற்றைத் தடவ வரும்போதுதான் அதன் கை எவ்வளவு கரடு என்று தெரிகிறது.

வீட்டில் ஒத்திகை நடந்தது. மனைவிதான் காவலர். கையில் கொசு அடிக்கும் பேட்.

"கைய தூக்குங்க."

"தூக்கியாச்சு."

"மூஞ்சிய ஏன் கோழித் திருடன் மாதிரி வச்சிக்கறீங்க? சாதாரணமா வைங்க."

"இதுதான்டி என் சாதாரண மூஞ்சி."

"அப்ப கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு, பேட்டை என் தோளிலிருந்து கீழே இறக்கினாள். அது வயிற்றை நெருங்கியதும் நான் என்னையறியாமல் பின்னால் நகர்ந்து பீரோவில் இடித்துக்கொண்டேன்.

"இப்பிடி நவுந்தா அவ்ளோதான். உள்ள குண்டு வச்சிருக்கான்னு நெனைச்சிப்பான்."

"நெனைச்சிக்கட்டும். குண்டுன்னா கௌரவம். இது இன்னான்னு சொல்றது?"

அவள் சிரிக்கவில்லை. பேட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள். "அவரு பக்கத்துலயே நிப்பாருங்க. அவருக்குத் தெரிஞ்சா இதுவும் போயிடும். அவ இன்னொரு தரம் தாங்க மாட்டா" என்றாள். பிறகு எழுந்து, "திரும்ப தூக்குங்க கைய" என்றாள். அன்று மாலை முழுக்க நான் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

மருத்துவர் ஒரு கடிதம் கொடுத்திருந்தார், இன்னாருக்கு இந்த அறுவை சிகிச்சை நடந்தது, பை இருக்கிறது என்று. சோதனையில் காட்டினால் போதும் என்றும் சொல்லியிருந்தார். சம்மந்தி கண்ணில் பட்டுவிடுமே என்று பயந்து, நான் அதைப் பெரிய பெட்டியில், வேட்டிகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன். பெரிய பெட்டி விமான நிலையத்தில் நுழைந்ததும் நம்மைவிட்டுப் பிரிந்து உருண்டு போய்விடும் என்பது, அது உருண்டு போகும்போதுதான் எனக்குப் புரிந்தது. சின்ன திரைச்சீலைகளை விலக்கிக்கொண்டு அது உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னா சம்மந்தி, பெட்டிய இப்பிடிப் பாக்குறீங்க? பொண்ண அனுப்பி வைக்கிற மாதிரி?"

"மொதல்ல பெட்டியில பழகிக்கறேன் சம்மந்தி" என்றேன். வாய் மட்டும் எந்த ஆபத்திலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மற்ற உறுப்புகள் எல்லாம் அதற்குள் ராஜினாமா கொடுத்துவிட்டன. முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பை காலியாக இருக்க வேண்டும் என்ற திட்டம். அது காலியாகத்தான் இருந்தது. தலையும் அப்படியே.

சோதனை வரிசைக்கு வந்ததும் உலோகம் என்று பெயர் வைத்த எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் போட்டேன். பெல்ட், கைக்கடிகாரம், மோதிரம், சில்லறை, சாவி, பேனா, மூக்குக்கண்ணாடி. கருவி கத்தவே கூடாது. கத்தினால்தானே கை நீளும்?

"ஏன் சம்மந்தி, கல்யாணத்துக்குள்ள எல்லாத்தையும் கழட்டிடுவீங்க போலருக்கே" என்று அவர் அரங்கம் அதிரச் சிரித்தார்.

எங்களுக்கு முன்னால் நின்றவர் நாற்பது வயதுக்காரர், கத்தரித்த தாடி, பரங்கிப்பேட்டை. வரிசையில் நிற்கும்போதே எங்கள் பேச்சைக் கேட்டு, "நீங்க நம்ம பக்கமா?" என்று கேட்டு அறிமுகமாகியிருந்தார். அவர் உலோகச் சோதனை வாசலைத் தாண்டினார். கருவி கத்தவில்லை. ஆனாலும் காவலர் அவரை ஓரமாக நிற்கச் சொன்னார். காலணியைக் கழற்றச் சொன்னார். பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்கச் சொன்னார். சட்டைகள், ஒரு பொட்டலம் முந்திரி, பிள்ளைகளுக்கு வாங்கிய வண்ணப் பென்சில்கள். அவர் எந்த முகச்சுளிப்பும் இல்லாமல், கடைக்காரர் சரக்கு விரிப்பது போல விரித்தார்.

சம்மந்தி என் காதோரம் குனிந்தார். குனிந்தாலும் குரல் குனியவில்லை. "அவுங்கள கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் பாப்பாங்க. பாக்கட்டும். நம்ம நல்லதுக்குத்தான?"

தாடிக்காரர் தலையைத் தூக்கவில்லை. கேட்டிருக்கும். நான் என்ன சொன்னேன்? "ஆமா சம்மந்தி" என்றேன். ஒன்றும் மறைக்காத மனிதர் பென்சில்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். மறைத்து வைத்திருந்த நான், காவலர் அவரோடு மும்முரமாக இருந்தால் என்னைச் சீக்கிரம் விட்டுவிடுவார் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்தது. சின்ன மேடையில் ஏறி நின்றேன். கைகளைத் தூக்கினேன். முகத்தைச் சாதாரணமாக வைத்தேன். காவலர் இளைஞர், வடக்கத்தி முகம், மீசை புதிது. கருவி தோளில் இறங்கியது, அக்குளில் இறங்கியது, விலாவில் இறங்கியது. மௌனம். இடுப்பின் இடது பக்கம் வந்ததும் கீ என்று கத்தியது.

நம்ப முடியவில்லை. பை பிளாஸ்டிக். பிளாஸ்டிக் எப்படிக் கத்தும்? காவலர் திரும்பவும் கொண்டு வந்தார். திரும்பவும் கீ.

அப்போதுதான் புரிந்தது. அரைஞாண் கயிறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மனைவி தில்லைக் காளி கோயிலுக்குப் போய், வெள்ளித் தாயத்து கோத்த கறுப்புக் கயிற்றைப் பூஜை செய்து வாங்கி வந்து என் இடுப்பில் கட்டினாள். ஆண்பிள்ளை இடுப்பில் கயிறு, பிறந்ததிலிருந்து இருப்பது. அதை யார் அணிகலன் என்று நினைப்பார்கள்? மோதிரத்தைக் கழற்றலாம். அரைஞாணைக் கழற்று என்றால் காலைக் கழற்று என்பது போலத்தான் கேட்கும். வீட்டு ஒத்திகையில் இது பிடிபடவே இல்லை. கொசு பேட்டுக்கு வெள்ளி தெரியாது.

தாயத்து நகர்ந்து நகர்ந்து, நோயிலிருந்து காக்கும் பொறுப்போடு சரியாகப் பையின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. காவலரின் விரல்கள் தாயத்தைத் தேடி வந்து, தாயத்துக்குக் கீழே இருந்ததை அழுத்தின.

"யே க்யா ஹை?"

என்னிடம் இருந்த இந்தி முழுவதும், தெரியாது என்று சொல்லத்தான் போதும். என் வயிற்றில் இருப்பது என்ன என்று கேட்பவரிடம், தெரியாது என்று சொல்ல முடியுமா? நான் கையால் விளக்க முயன்றேன். வயிற்றைக் காட்டி, கத்தியால் அறுப்பது போலக் காட்டி, பிறகு இரண்டு கைகளையும் விரித்து, எல்லாம் முடிந்தது என்று காட்டினேன். விமான நிலையத்தில், வயிற்றைத் தொட்டு, அறுத்து, கைகளை விரித்துக் காட்டினால் அதற்கு வேறு அர்த்தம் வரும் என்பது அவர் ஒரு அடி பின்வாங்கியபோதுதான் உறைத்தது. இன்னொரு காவலரும் வந்து சேர்ந்தார்.

அந்த நேரத்தில் எனக்கு உதவி வந்தது. எந்த உதவி வரக்கூடாது என்று மூன்று வாரமாகக் கும்பிட்டேனோ அந்த உதவி.

"என்னா கேக்குறாரு சம்மந்தி? இருங்க, நான் சொல்றேன்." சம்மந்தி பக்கத்து வரிசையில் சோதனை முடிந்து, பெல்ட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சிங்கம் போல வந்து நின்றார்.

"ஒண்ணுமில்ல சம்மந்தி. ஹெர்னியா பெல்ட்டு. அதச் சொல்லுங்க."

சொன்னார். நீளமாக, நெய்வேலி இந்தியில். காவலர் கேட்டுவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். எந்த பெல்ட்டும் விரலுக்கு அடியில் அப்படிக் காற்றுத் தலையணை மாதிரி அமுங்காது. அவர் ஏதோ சொன்னார்.

"சட்டையத் தூக்கிக் காட்டச் சொல்றாரு. அவ்ளோதான. காட்டிட்டு வாங்க, டைமாவுது."

எனக்குப் பின்னால் வரிசை. பக்கத்தில் வரிசை. எதிரில் சம்மந்தி. நான் சட்டையின் கீழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டேனே தவிர, தூக்கவில்லை.  மகள் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுப் போனது கண்ணுக்குள் ஓடியது. ஓடிவிடலாமா என்று யோசித்தேன். பெல்ட் இல்லாத பேன்ட்டோடு எவ்வளவு தூரம் ஓட முடியும்? மயக்கம் போட்டு விழலாம். விழுந்தால் முதலில் சட்டையைத்தான் தளர்த்துவார்கள்.

"மாமா." தாடிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். "தனி ரூம்பு கேளுங்க. இங்க எல்லாரு முன்னாடியும் தூக்கணும்னு இல்ல. கேட்டா குடுத்துத்தான் ஆவணும்."

"எனக்கு எப்பிடிக் கேக்கறதுன்னு..."

அவரே எழுந்து, காவலரிடம் பணிவாக இரண்டு வார்த்தை சொன்னார். காவலர் தலையாட்டினார். "எனக்குப் பழக்கம் மாமா. என்னைய எப்பவும் பாப்பாங்க, அதனால ரூல் எல்லாம் தெரிஞ்சிபோச்சி" என்றார் என்னிடம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். சம்மந்தி அவர் போவதையே பார்த்தார். பெல்ட்டைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

தனி அறை என்பது மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் திரை. உள்ளே நானும் காவலரும். சட்டையைத் தூக்கினேன்.

அவர் பார்த்தார். அந்த இளைஞரின் முகம் சட்டென்று மாறியது. கையை எடுத்துக்கொண்டார். நானே பையைத் தொட்டுக் காட்டும்படி சைகை செய்தார். தொட்டேன். பிறகு என் விரல்களை ஒரு வெள்ளைத் துணித்துண்டால் துடைத்து, அதை வெளியே இயந்திரத்துக்குக் கொடுத்தனுப்பினார். நான் வெடிக்க மாட்டேன் என்று இயந்திரம் சொன்னது. இவ்வளவுதானா? இதற்கா மூன்று வாரம் தூக்கம் இல்லாமல் கிடந்தேன்? நான் சட்டையை இறக்கப் போனேன்.

காவலர் திரைக்கு வெளியே பார்த்து ஏதோ கேட்டார். சம்மந்தியின் குரல் உள்ளே வந்தது.

"ஆபரேசன் பண்ணி எவ்ளோ நாளாச்சின்னு கேக்குறாரு!"

"போன வருசம்!"

"போன வருசமா? இன்னும் ஏன் பெல்ட்டு போட்டுனு இருக்கீங்க?"

"அதையும் அவரா கேக்குறாரு?"

"இல்ல, அது நான் கேக்குறேன்!"

நான் பதில் சொல்வதற்குள் காவலர் என் பக்கம் குனிந்தார். தன் வயிற்றின் அதே இடத்தைத் தொட்டு, "பிதாஜி" என்றார். அவருடைய அப்பாவுக்கும் இருக்கிறதாம். பிறகு மிகவும் பரிவோடு, அவருக்குத் தெரிந்த மெதுவான குரலில், ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"கேன்சர்?"

அந்த வார்த்தைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. கடலூரிலும் புனேயிலும் அது ஒன்றுதான். நான் தலையாட்டினேன். திரைக்கு வெளியே அதுவரை யாரிடமோ நேரமாகிறது என்று முழங்கிக்கொண்டிருந்த குரல் நின்றது. ஒரு இயந்திரத்தை அணைத்தது போல நின்றது.

அந்தக் காவலர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அதுதான் கொடுமை. முரடனாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். அவர் திரை போட்டார், கையை எடுத்தார், கருணையோடு கேட்டார். கருணையோடு கேட்டே என் மகளின் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்.

வெளியே வந்தேன். சம்மந்தி என் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். கடிகாரத்தைக் கொடுத்தார். மோதிரத்தைக் கொடுத்தார்.  அவர் பேசாமல் இருப்பதை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். அது அவர் பேசுவதைவிடச் சத்தமாக இருந்தது. பெல்ட்டைக் கோக்க முயன்றேன். கொக்கி ஓட்டையில் நுழையவே இல்லை.

விமானத்துக்காகக் காத்திருக்கும் இடத்தில் அவர் போனை எடுத்துக்கொண்டு தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றார். அவர் போனில் பேசுவது எனக்குக் கேட்கவில்லை என்றால், அது எவ்வளவு பெரிய விஷயமாக இருக்க வேண்டும்! நான் மனைவிக்குப் போன் போட்டேன்.

"முடிஞ்சிதுடி."

"என்னா முடிஞ்சிது?"

"எல்லாம்."

"பிளேன் போயிடுச்சா?"

"பிளேன் இருக்குது. தெரிஞ்சிபோச்சி அவருக்கு."

 "ஏங்க, கெஞ்சிக் கேக்குறேன், ஜோக்கு மட்டும் அடிச்சிடாதீங்க. ஒரு ஜோக்கு கூட வேணாம்" என்றாள். அடக்கி வைத்த அழுகை அந்த வார்த்தைகளுக்கு நடுவில் இருந்தது.

அடிக்கவில்லை. அடிக்க வரவும் இல்லை. விமானத்தில் அவர் நடு இருக்கையிலும் நான் ஜன்னலோரமும் உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மகளிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தேன். ஜாதகம் பொருந்தவில்லை என்றே சொல்லிவிடலாமா?

மேலே ஏற ஏற, மருத்துவர் சொல்ல மறந்த ஒரு விஞ்ஞானம் எனக்குத் தெரிய வந்தது. உயரத்தில் காற்று விரியும். பையில் இருக்கும் காற்றும் விரியும். சாப்பிடாத வயிற்றில் காற்றைத் தவிர வேறென்ன இருக்கும்? சட்டைக்குக் கீழே பூரி உப்புவது போல உப்பிக்கொண்டே வந்தது. பட்டன் இழுத்தது. ஒட்டியிருக்கும் இடம் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் வேர்த்தது. இழுப்பதற்கு நாற்காலி கூட இல்லை. எல்லாம் தரையோடு இறுக்கியிருந்தது. சத்தமும் வந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார்.

"போவணுமா?" அவர் வாயிலிருந்து இவ்வளவு மெல்லிய குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை.

தலையாட்டினேன். ஓரத்து இருக்கைக்காரரை எழுப்பி, எனக்கு முன்னால் நடந்தார். முதுகை அகலமாக வைத்துக்கொண்டு, என் வயிறு யார் கண்ணிலும் படாதபடி நடந்தார். உள்ளே போய்த் தாழ் போட்டேன். அந்தத் தாழ் சரியாக விழவில்லை. வெளியே யாரோ வந்து கதவைத் தள்ளினார்கள். சம்மந்தி இந்தியில் ஒரு அதட்டல் போட்டார். இந்த முறை அது சுரங்கக் குரல். அதன் பிறகு யாரும் தள்ளவில்லை. நான் உள்ளே பையைப் பிடித்துக்கொண்டு நின்று, இவ்வளவு பெரிய ஆளாகியும், சத்தமில்லாமல் அழுதேன்.

வெளியே வந்தபோது அவர் அங்கேயே நின்றார், கதவுக்குக் குறுக்கே.

"பையனுக்குப் போன் போட்டேன்" என்றார். "அவனுக்குத் தெரியுமாம்."

"எது?"

"உங்க பொண்ணு மொத நாளே சொல்லிடுச்சாம். எங்கப்பாவுக்கு இப்பிடி, இதுக்கு ஒத்துக்கிட்டா மேல பேசலாம், இல்லன்னா இப்பவே விட்டுடலாம்னு." அவர் தொண்டையைச் செருமினார். "எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லல. நீங்களும் சொல்லல, அவனும் சொல்லல. இது நியாயமா சம்மந்தி?"

"அவ சொன்னது எனக்கும் தெரியாது சம்மந்தி" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. என் உடம்பு என் சொந்த விஷயம் என்று சொல்லலாம்தான். ஆனால் அவர் வீட்டுக்கு நான் பெண் அனுப்பப் போகிறேன். அங்கே எந்த இடத்தில் திரை போடுவது?

"என் வீட்டுக்காரிகிட்ட நான் சொல்ல மாட்டேன். பூ வைக்கிறதுக்கு முன்னாடி நீங்களே வந்து சொல்லுங்க" என்றார்.

புனேயில் வீடு பார்த்தேன். தண்ணீர் வருகிறது, அடுப்படியில் வெளிச்சம் இருக்கிறது. மாப்பிள்ளைப் பையன் என்னைத் தனியாக அழைத்துப்போய்க் குளியலறையைக் காட்டி, "தாப்பா புதுசா மாத்திட்டேன் மாமா" என்று மட்டும் சொன்னான்.

திரும்பி வந்த அடுத்த வாரம், கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள், இறங்கித் திரும்பிவிடலாம் என்று பல முறை எழுந்து உட்கார்ந்தேன். சம்மந்தி அம்மாவுக்கு விமான நிலையத்துக் கருவியெல்லாம் தேவையில்லை. பார்த்தாலே போதும். அவர் காபி கொண்டுவந்து வைத்தார். எதிரில் உட்கார்ந்தார். சம்மந்தி சோபாவில், கைகளைக் கட்டிக்கொண்டு.

நான் சொன்னேன். கட்டி, ஆஸ்பத்திரி, பை, ஹெர்னியாப் பொய் எல்லாவற்றையும். ஒரு ஜோக்கும் இல்லாமல் இவ்வளவு நீளமாக நான் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. முடித்ததும் என் சத்தமே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

சம்மந்தி அம்மா என்னைப் பார்க்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

என்னிடம் நியாயம் கேட்ட மனிதர் மின்விசிறியைப் பார்த்தார். "எனக்கா? எனக்கு எப்பிடித் தெரியும்? இப்பதான் கேக்குறேன்" என்றார். அவருடைய குரல் விமானத்தில் வந்த அந்த மெல்லிய குரலாக இருந்தது.

"ஆமாங்கம்மா, அவருக்கும் இப்பதான்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"சும்மா இருங்கண்ணா. புனேலேர்ந்து வந்ததுலேர்ந்து இவரு மூஞ்சி ஊமைக் கோட்டான் மாதிரி இருக்குது. காபி கேக்குறாரு, எனக்குக் காதுலயே விழல. அப்பவே நெனச்சேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கெழம பூ வைக்க வரோம்னு சொன்னோம். வருவோம். பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா எல்லாருக்கும் சொல்லிட்டுக் கடைசியா எங்கிட்ட வந்து சொன்னீங்க பாருங்க, அத நான் மறக்க மாட்டேன்."

"சரிங்கம்மா."

"காபியக் குடிங்க, ஆறுது. இதெல்லாம் குடிக்கலாம் இல்ல?"

"குடிக்கலாம்" என்றேன். டம்ளரை எடுத்தேன்.  கொஞ்சம் வேட்டியில் சிந்தியது. சம்மந்தி அம்மா அதைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே துணி எடுக்கப் போனார்.